வீட்டு வரைபடத்துக்கு முன்னால் காருக்கு இடம் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களின் வீடு-மனைப் பக்கங்களில் வரும் மாதிரி வரைபடங்களில் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படுகிறது. அறைகளின் நீள அகலம், ஜன்னல், அலமாரி எல்லாம் அங்குலக் கணக்கில் இருக்கும். காருக்கு மட்டும் மூலையில் ஒரு வெற்றுக் கட்டம். கேட் எங்கே வரும், சாலை எத்தனை அடி, தரைமட்டம் சாலையை விட எவ்வளவு உயரம் என்ற விவரம் எதுவும் இருக்காது. அந்தப் படத்தை நம்பி மனையில் நூல் பிடிப்பவர்களுக்கு, சுவர் எழும்பிய பிறகுதான் கார் திரும்பாது என்பது தெரியவருகிறது. அதற்குப் பிறகு மாற்றக்கூடியவை மிகக் குறைவு. அறையைக்கூட இடித்துப் பெரிதாக்கலாம். கேட், தரைமட்டம், தூண் இந்த மூன்றும் தப்பாகிவிட்டால் வீடு இருக்கும் வரை தொல்லைதான். வீட்டு வரைபடமும் கட்டட மேற்பார்வையும் எங்கள் தொழில் என்பதால், புதிதாக மனை வாங்கி வீடு கட்டப் போகிறவர்களுக்குப் பயன்படும் அளவுகளை எழுதுகிறோம்.

முதலில் கார். சிறிய கார் ஏறக்குறைய 12 முதல் 13 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். பெரிய எஸ்யூவி 15 அடி நீளத்தையும் 6 அடி அகலத்தையும் தாண்டும். பக்கக் கண்ணாடிகள் விரிந்தால் இன்னும் அரை அடிக்கு மேல் கூடும். கதவைத் திறந்து உடம்பை வளைக்காமல் இறங்க, பக்கத்துக்கு இரண்டு முதல் இரண்டரை அடி வேண்டும். ஆகவே ஒரு காருக்கு உள்ளளவு 10 அடிக்கு 18 அடி என்பது குறைந்தபட்சம். 12 அடிக்கு 20 அடி கிடைத்தால் டிக்கியைத் திறந்து சாமான் இறக்கலாம், காரைச் சுற்றி நடக்கலாம், பிறகு பெரிய கார் வாங்கினாலும் நிற்கும். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் வீட்டில் இருந்தால் 12 அடி அகலத்துக்குக் குறையவே கூடாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கம் நிற்க 18 முதல் 20 அடி அகலம் தேவை. இன்றிருக்கும் காரை மட்டும் அளந்து கட்டுவதுதான் மிகப் பரவலான தவறு. கார் சில ஆண்டுகளில் மாறிவிடும், தூண் மாறாது.

இனி முக்கியமான விஷயம். கார் நிற்கும் இடத்தை வரைவதற்கு முன் அது வரும் வழியை வரைய வேண்டும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது உட்பக்கத்துப் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்தில் போகாது. ஏறக்குறைய 3 அடி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். கேட் தூணில் காரின் பின்கதவு உரசுவது இதனால்தான். ஓட்டுபவரின் திறமைக் குறைவு என்று அதைத் தள்ளிவிட முடியாது. பின்னோக்கி வரும்போது நேர்மாறாக, காரின் மூக்கு வெளிப்பக்கமாக அகன்று வீசும். அங்கே எதிர்வீட்டுச் சுவரோ மின்கம்பமோ இருந்தால் இடிக்கும். சாலை 20 அடி அகலம் இருந்தால் 10 அடி கேட் போதும். சாலை 12, 13 அடிச் சந்துதான் என்றால் கேட் 12 அடியாவது வேண்டும். அதோடு கேட்டை இரண்டு மூன்று அடி உள்வாங்கி வைத்து, காம்பவுண்ட் சுவரின் மூலைகளைச் சாய்வாக வெட்டிவிட்டால் கார் ஒரே வீச்சில் உள்ளே போகும். நீளத்துக்குத் தாராளமான மனையில் கேட்டைச் சாலையிலிருந்து 16 முதல் 18 அடி உள்ளே தள்ளலாம். கேட்டைத் திறக்கும் வரை கார் சாலையை மறிக்காமல் நிற்கும். வாகன ஓட்டம் மிகுந்த சாலையில் இது மிகவும் பயன்படும்.

முனை மனையாக இருந்தால் கேட் முனையிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறதோ அவ்வளவு நல்லது. எந்த மனையானாலும், கார் வெளியே வரும் வாயிலின் இருபுறமும் 6, 7 அடி தூரத்துக்குக் காம்பவுண்ட் சுவரை மூன்றடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். அதற்கு மேல் வேண்டுமானால் கம்பி அடைப்பு வைக்கலாம். ஆள் உயரச் சுவர் இருந்தால், காரின் மூக்கு சாலைக்குள் நீண்ட பிறகுதான் ஓட்டுபவரின் கண்ணுக்குச் சாலை தெரியும். நடந்து வருகிற குழந்தை தெரியவே தெரியாது.

மட்டத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டுத் தரையின் மட்டத்தை உயர்த்துகிறோம்; அது சரி. கார் தளத்தையும் அதே உயரத்துக்குக் கொண்டுபோவதுதான் சிக்கல். கார் சிரமமில்லாமல் ஏற 8 அடிக்கு 1 அடி என்ற சரிவு நல்லது. தளம் சாலையை விட 2 அடி உயரம் என்றால் சாய்தளத்துக்கு மட்டுமே 16 அடி வேண்டும். 30 அடி, 40 அடி மனையின் முன்புறத்தில் அது கிடைக்காது. கிடைக்காதபோது என்ன செய்கிறார்கள் என்பதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். சாய்தளத்தைச் சாலை வரைக்கும் இழுத்து, மழைநீர்க் கால்வாயின் மேல் கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். கால்வாய் அடைபட்டு அந்த மழைத்தண்ணீர் அடுத்த வீட்டு வாசலுக்குப் போகிறது. நடப்பவர்கள் சாலையின் நடுவே இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. சாய்தளம் முழுவதும் சொந்த மனைக்குள் முடிய வேண்டும் என்பதை வரைபடத்திலேயே உறுதி செய்ய வேண்டும். வழி எளிது: வீட்டை உயர்த்துங்கள், கார் தளத்தைத் தாழ்வாக விடுங்கள். சாலையை விட 6 முதல் 9 அங்குலம் உயர்ந்திருந்தால் கார் தளத்துக்குப் போதும். பிற்காலத்தில் சாலைக்கு மேலடுக்கு போட்டு மட்டம் உயரும் என்று தோன்றினால் இன்னும் சில அங்குலம் சேர்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து வீட்டுக்குப் படி வைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் நடைச் சாய்தளமும் அமைக்கலாம்.

இடம் இல்லாமல் 5 அடிக்கு 1 அடி என்று செங்குத்தாக ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பாதிச் சரிவில் ஐந்தாறு அடி நீளத்துக்கு இடைப்பட்ட தளம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கீழே பம்பர் தேயும், மேலே காரின் வயிறு தட்டும். காலியாக இருக்கும்போது தட்டாத கார் ஐந்து பேர் ஏறினால் தட்டும்.

சரிவோடு சேர்த்துக் கேட்டையும் யோசிக்க வேண்டும். பத்தடிக் கேட்டுக்கு இரட்டைக் கதவு என்றால் ஒவ்வொன்றும் 5 அடி. தரை கேட்டிலிருந்தே 8-க்கு 1 என்று வீட்டை நோக்கி ஏறினால், உட்புறமாகத் திறக்கும் கதவின் நுனி போய்ச் சேரும் இடத்தில் தரை ஏழரை அங்குலம் உயர்ந்திருக்கும். கதவு பாதியிலேயே தரையில் முட்டி நின்றுவிடும். இதைத் தவிர்க்க ஏழெட்டு அங்குலம் இடைவெளி விட்டுக் கேட்டைத் தூக்கி மாட்டினால் அதன் அடியில் நாய் நுழையும். கேட்டுக்கு உட்புறம் முதல் 5 அடியைச் சமதளமாக விட்டு அதன் பிறகு சரிவைத் தொடங்கலாம். அல்லது நகரும் கேட் வைக்கலாம். நகரும் கேட்டுக்குப் பக்கத்தில் அதே அகலத்துக்கும் ஓரடி கூடுதலாகவும் தடையில்லாத சுவர் வேண்டும்; அந்த இடத்தில் மீட்டர் பெட்டியையோ குழாயையோ வைத்துவிடக் கூடாது. உட்புறம் திறக்கும் கேட்டாக இருந்தால் காரின் பின்முனைக்கும் கேட்டுக்கும் நடுவே அந்த 5 அடி காலியாக இருந்தாக வேண்டும். 15 அடிக் கார், 5 அடிக் கதவு, முன்னால் ஓரடி என்று கூட்டினால் 21 அடி வருகிறது. 18 அடி ஆழத்தில் காரை நிறுத்திவிட்டுக் கேட்டைச் சாத்த முடியாமல் தவிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

முன்புறமா, பக்கவாட்டா, பின்புறமா? முன்புறத்தில் வைத்தால் வழித்தளம் (கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரையிலான பாதை) குறைவு, செலவும் குறைவு. ஆனால் முன் அறையின் ஜன்னல் மறையும். கார் நிற்கும்போது வாசலுக்குப் போகிறவர் காரை உரசிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கார் இடத்துக்கு வெளியே வாசலுக்கென்று மூன்றரை அடி நடைபாதையைத் தனியாகக் குறித்துவிட வேண்டும். பக்கவாட்டில் வைப்பதாக இருந்தால் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே நிகரமாக 10 அடி வேண்டும். சன்ஷேடு, கழிவுநீர்க் குழாய், ஏ.சி. வெளிப்பெட்டி இவை அந்தப் பத்து அடியைத் தின்றுவிடும்; ஆகவே 11 அடி என்று வரைவது நல்லது. எல்லைச் சுவரை ஒட்டிக் கூரை போடலாமா, எத்தனை அடி விட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் உள்ளாட்சியின் விதியைப் பார்த்த பிறகே இந்த இடத்தை முடிவு செய்யுங்கள். கூரைத் தண்ணீர் எந்த நிலையிலும் அடுத்தவர் மனையில் சொட்டக் கூடாது. மேற்குப் பக்கம் இடம் இருந்தால் அதற்கே எங்கள் ஓட்டு: பிற்பகல் வெயில் வீட்டுச் சுவரில் விழாமல் கார் கூரை தடுத்துவிடும்.

பின்புறம் பெரிய மனைக்குத்தான் பொருந்தும். 50 அடி நீளம், 10 அடி அகலம் வழித்தளம் போட்டால் 500 சதுர அடி. 5 அங்குல கனத்தில் 208 கன அடி கான்கிரீட். அதற்குப் பதிலாக இரண்டரை அடி அகலத்தில் இரண்டு பட்டைகள், நடுவில் இரண்டரை அடி மண் என்று விட்டால் கான்கிரீட் பாதியாகும், மழைநீரும் நிலத்தில் இறங்கும். பின்புறம் நிறுத்துபவர்கள் திரும்புவதற்கு 20 அடி வெளியும் விட வேண்டும். விடாவிட்டால் தினமும் 50 அடி பின்னோக்கியே வர வேண்டும்.

வீட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே நிறுத்தும் திட்டமானால், படத்தில் தூணின் மையத்திலிருந்து மையத்துக்கு எழுதிய அளவை நம்பாதீர்கள். 10 அடி என்று எழுதியிருந்தாலும் தூணும் அதன் பூச்சும் போக உள்ளே ஒன்பதுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தேறும். உயரத்தையும் பீமின் அடியிலிருந்து அளக்க வேண்டும், தளத்தின் அடியிலிருந்து அல்ல. பல கார்களின் டிக்கிக் கதவு திறந்தால் 7 அடி உயரத்தைத் தொடும். மேலே சாமான் தாங்கி பொருத்துபவர்களுக்கு எட்டடி வேண்டும்.

சுவர் எந்தப் பக்கம் வருகிறது என்பதும் ஒரு கேள்வி. ஓட்டுபவரின் கதவுக்கு எதிர்ப்பக்கம் சுவர் இருப்பது நல்லது. ஆனால் காரை நேராக நிறுத்துகிறீர்களா, பின்னோக்கி நிறுத்துகிறீர்களா என்பதைப் பொறுத்து இது மாறிவிடும். முதலில் அந்தப் பழக்கத்தை முடிவு செய்யுங்கள். கூரைத் தூண்களை மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று சமமாகப் பிரித்து வைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும். நடுத்தூண்தான் கதவைத் தடுக்கும். சிறிய காரில் முன்முனையிலிருந்து 4 அடி முதல் 10 அடி வரை உள்ள பகுதியில்தான் நான்கு கதவுகளும் திறக்கின்றன. அந்த நீளத்தில் தூணே வரக் கூடாது. முன்முனைக்கு நேராக இரண்டு தூண்கள், பின்சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு தூண்கள், மிச்சக் கூரை நீட்டிக்கொண்டு நிற்கட்டும்.

அடுத்து தரை. வீட்டுச் சுவரை ஒட்டி நீளவாக்கில் ஓடும் விரிசலைப் பல கார் தளங்களில் காணலாம். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கடைக்கால் கட்டிய பின் பக்கத்துக் குழியில் மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். அந்த மண் ஓரிரு மழையில் அமுங்கும். தளத்தின் ஒரு பாதி கெட்டி மண்ணிலும் மறு பாதி இந்த இளகிய மண்ணிலும் நிற்பதால், கார் ஏறியதும் சந்திப்பில் முறிகிறது. கம்பி போட்டால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. மண்ணை அரை அடி அடுக்காகப் போட்டு, ஈரப்படுத்தி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு (மண்ணை இடிக்கும் கட்டை) போட்டு இறுக்க வேண்டும். அதன் மேல் 4 முதல் 6 அங்குலம் கிராவல் அல்லது ஜல்லிப் படுகை. அதன் மேல் 5 அங்குல எம்20 தரக் கான்கிரீட், 8 மி.மீ. கம்பி 8 அங்குல இடைவெளியில். 12 அடிக்கு 20 அடித் தளத்துக்குச் சரியாக 100 கன அடி கான்கிரீட் பிடிக்கும். வீட்டுச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி விட்டுத் தார் அட்டை வைத்துவிட்டால் இரண்டும் தனித்தனியாக அசையும். பத்தடிக்கு ஒரு வெட்டுக்கோடு போடுங்கள். குறைந்தது ஏழு நாள் நீராற்றல் (தண்ணீர் விட்டுக் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது), பத்து நாளைக்குக் கார் ஏற்றாமல் இருப்பது, மண், ஜல்லி ஏற்றிய வண்டிகளை 28 நாள் வரை அண்டவிடாமல் இருப்பது. இதில் கடைசியைத்தான் யாரும் கடைப்பிடிப்பதில்லை.

வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) வீட்டிலிருந்து வெளியே ஓட வேண்டும். 20 அடிக்கு 3 அங்குலம் போதும். நிலத்தின் அமைப்பால் வாட்டம் வீட்டை நோக்கித்தான் வரும் என்றால், வீட்டுச் சுவருக்கு முன்னால் 6 அங்குல அகலக் கால்வாய் வெட்டி இரும்புக் கம்பிச் சட்டம் போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். 12-க்கு 20 கூரையில் 5 செ.மீ. மழை பெய்தால் 1,100 லிட்டர் தண்ணீர் வரும். அது எங்கே போய் விழும் என்று கூரை போட்ட பிறகு யோசிக்கக் கூடாது.

ஷீட் கூரை போடுபவர்கள் எடையைத் தாங்கத் தூண் போடுகிறார்கள். காற்று தூக்குவதை மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 144 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் 98 கிலோ அளவுக்கு அழுத்தும். அதே அளவு கீழிருந்து மேலே தள்ளினால் 12-க்கு 20 கூரையில் 2 டன்னுக்கு மேல், நான்கு தூண்களில் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 545 கிலோ. 2 அடி நீள அகல ஆழம் உள்ள கான்கிரீட் ஃபூட்டிங்கின் (தூணுக்கு அடியில் புதைக்கும் பீடத்தின்) எடையும் ஏறக்குறைய அதேதான். அதாவது மிச்சம் ஒன்றுமில்லை. ஆழத்தை 3 அடியாக்கினால் 815 கிலோ கிடைக்கும். ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ சுவர் இருந்தால் காற்று உள்ளே சிக்கி இன்னும் வலுவாகத் தூக்கும். அங்கே பொறியாளரைக் கேட்காமல் கூரை போடாதீர்கள்.

படுக்கையறை ஜன்னலுக்கு நேராகக் காரின் புகைக்குழாய் வரக் கூடாது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழும். வீட்டுக்குள் திறக்கும் கதவு இருந்தால் வீட்டுத் தரை கார் தளத்தை விடக் குறைந்தது 6 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். கார் இடத்தின் இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும்.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் அதே படத்தில் வரையுங்கள். சம்ப், செப்டிக் டேங்க், கழிவுநீர் மேன்ஹோல் மூன்றையும் சக்கரம் ஓடும் பாதையிலிருந்து விலக்க முடிந்தால் விலக்குங்கள். முடியாவிட்டால் மூடியும் மேல்தளமும் காரின் பாரத்துக்கு வடிவமைத்ததாக இருக்க வேண்டும். ஆள் நடக்கும் கனத்துக்குப் போட்ட மூடி, ஒரு சக்கரத்தில் இறங்கும் 400, 500 கிலோவைத் தாங்காது. செப்டிக் டேங்கைத் திறக்க ஒவ்வொரு முறையும் காரை எடுக்க வேண்டிய நிலையையும் உண்டாக்காதீர்கள். தளம் போடும் முன் குறுக்கே 4 அங்குலக் குழாய் இரண்டைப் புதைத்து இரு முனையையும் மூடிவிட்டால், பின்னாளில் தண்ணீர்க் குழாய்க்கோ தோட்ட விளக்குக்கோ தளத்தை உடைக்க வேண்டியதில்லை.

மின்கார் இப்போது வாங்காவிட்டாலும் வயர் போகக் குழாயாவது போட்டுவையுங்கள். ஒற்றை ஃபேஸில் 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். மெயின் பெட்டியிலிருந்து தனி இணைப்பு, 6 சதுர மி.மீ. செம்பு வயர், தூரம் அதிகமானால் 10 சதுர மி.மீ., மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர், நல்ல எர்த் ஆகியவை வேண்டும். சார்ஜ் துளை சில கார்களில் முன்னால், சில கார்களில் பின்பக்கவாட்டில். சார்ஜரைக் கார் இடத்தின் நடுநீளத்தில் வைத்தால் கேபிள் இரண்டுக்கும் எட்டும்.

இவை எல்லாவற்றையும் காகிதத்தில் முடித்த பிறகு, வானம் தோண்டுவதற்கு முன் மனையில் ஒரு நாள் செலவிடுங்கள். கேட் தூண்கள், வீட்டு மூலை, கூரைத் தூண்கள் வரும் இடங்களில் ஆள் உயரக் கம்புகளை நட்டு நூல் கட்டுங்கள். தரையில் சுண்ணாம்புப் பொடியால் எல்லை போடுங்கள். முளைக்குச்சி மட்டும் அடித்தால் ஓட்டுபவருக்கு உள்ளிருந்து தெரியாது. எதிர்வீட்டு வாசலில் வழக்கமாக வண்டி நிற்கும் என்றால் அங்கேயும் ஒரு வண்டியை நிறுத்துங்கள். பிறகு கிடைப்பதில் நீளமான காரைக் கொண்டுவந்து, வீட்டில் காரோட்டும் ஒவ்வொருவரும் உள்ளே போய் வெளியே வரட்டும். நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்து பாருங்கள். இரண்டு முறைக்கு மேல் முன்னும் பின்னும் ஒடிக்க வேண்டியிருந்தால் கேட்டை ஓரடி நகர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயில்) சாலை, கேட், கார் தளம், வீட்டுத் தரை நான்கின் மட்டங்களையும் எடுத்துப் படத்திலேயே எழுதுங்கள். அந்த நான்கு எண்கள் இல்லாத படத்தை மேஸ்திரியிடம் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி வெளியிடும் மாதிரி வரைபடங்களில் சாலையின் அகலம், கேட் திறக்கும் திசை, இந்த நான்கு மட்டங்கள், கார் உள்ளே வரும் வளைவுக்கோடு ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுங்கள். வரைபடம் அனுப்புபவர்களிடம் இவற்றைக் கேட்டு வாங்குவது கடினமல்ல. தர இயலாதவர்களின் படத்தில் கார் போகுமா என்பதை அவர்களே இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.

இப்படிக்கு,
வீட்டு வரைபடம், கட்டட மேற்பார்வைப் பணியில் உள்ள வாசகர்கள்